பெயரும் விலாசமும்

ஒரு காரியாலயத்தின் கணக்குப் பகுதியில் அமர்ந்திருக்கும் குமாஸ்தா ஒருவர், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைத் திரையில் சரிபார்த்து முடித்து, ‘மாடி-பிரிண்டர்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துகிறார். இரண்டொரு விநாடியில் மேல்மாடியில் காகிதம் நகரும் ஓசை கேட்கிறது. அந்த இரண்டொரு விநாடிக்குள், தாளில் முதல் எழுத்து விழுவதற்கு முன்னரே, அவருடைய யந்திரம் குறைந்தபட்சம் இரண்டு கேள்விகளைப் பிறரிடம் கேட்டு, இரண்டுக்கும் விடை பெற்று, அவ்விடைகளைச் சிறிதும் சந்தேகியாமல் நம்பி, அந்த நம்பிக்கையின் பேரில் ஊழியர் அனைவருடைய சம்பள விவரத்தையும் கேபிள் வழியே வெளியே அனுப்பிவிட்டிருக்கிறது. அந்த இரண்டு கேள்விகளே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

மேல்மாடியிலுள்ள பிரிண்டருக்கு மூன்று விதமான அடையாளங்கள் உண்டு. மனிதர் தம் சௌகரியத்துக்காக வைத்த பெயர் ஒன்று; காரியாலய வலையில் அது இருக்கும் ஸ்தானத்தைக் குறிக்கும் 192.168.4.25 போன்ற எண் விலாசம் இரண்டாவது. தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போதே அதன் நெட்வொர்க் கார்டில் பதிக்கப்பட்ட நீண்ட எண் மூன்றாவது. ஒரே பொருளுக்கு மூன்று அடையாளங்கள் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பெயர், விலாசம், போகும் வழி ஆகிய மூன்றும் வெவ்வேறு சங்கதிகள் என்றும், ஒன்றுக்குரிய வேலையை மற்றொன்றின் தலையில் கட்டலாகாது என்றும் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஷோச் 1978-ல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் தெளிவாக வகுத்துக் காட்டினார். பிரிண்டர் பழுதாகி வேறொன்று அதே இடத்துக்கு வந்தால் தொழிற்சாலை எண் மாறும், பெயர் மாற வேண்டியதில்லை. அதே பிரிண்டரைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டு போனால் விலாசம் மாறும், தொழிற்சாலை எண் மாறாது. மாறுகிறவற்றையும் மாறாதவற்றையும் தனித்தனியே வைத்தால்தான் குமாஸ்தாவுக்கு நிம்மதி. அவ்வாறு பிரித்து வைத்த காரணத்தாலேயே, பிரிந்தவற்றை மறுபடியும் கண நேரத்தில் இணைத்துக் காட்டும் பொறுப்பு யந்திரத்தின் மேல் விழுகிறது.

இணைத்துக் காட்டும் மார்க்கங்கள் இரண்டே. கேட்கும் தூரத்தில் உள்ள அனைவரும் அறியும்படி உரக்கக் கேட்பது ஒன்று; பதிவேடு வைத்திருப்பவரிடம் போய் விசாரிப்பது மற்றொன்று. முதலாவதற்கு நிர்வாகமே தேவையில்லை, ஆனால் குரல் எட்டும் தூரத்துக்கு அப்பால் அது பயன்படாது. இரண்டாவது எவ்வளவு தூரத்துக்கும் செல்லும், ஆனால் பதிவேட்டை ஒருவர் பொறுப்பாகப் பராமரிக்க வேண்டும், அவர் தூங்கிவிட்டால் காரியாலயமே தூங்கிவிடும். காரியாலய வலைகளின் ஐம்பதாண்டுச் சரித்திரம் இந்த இரண்டுக்கும் இடையே நிகழ்ந்த ஊசலாட்டமே என்பது என் அபிப்பிராயம். ஒன்றின் குறைகள் பொறுக்க முடியாமற்போகும்போதெல்லாம் பொறியியலார் மற்றதை நாடியிருக்கிறார்கள்.

தொழிற்சாலை எண்ணிலிருந்து தொடங்குவோம். 1973-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, மேற்சொன்ன பாலோ ஆல்டோ நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர், ஒரே கட்டடத்திலுள்ள பல கம்ப்யூட்டர்களை ஒரே கேபிளில் பிணைக்கும் திட்டத்தை விவரித்துத் தம் சகாக்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஈதர்நெட் என்று இன்றும் நாம் அழைப்பது அதுவே. அவரும் டேவிட் பாக்ஸும் அமைத்த முதல் ஈதர்நெட்டில் யந்திரத்தின் எண் 8 பிட்டுகளே கொண்டது. 256 எண்களுக்கு மேல் அதில் இடமில்லை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அது தாராளம். ஆனால் 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளும் கூடி ஈதர்நெட்டை எல்லோருக்கும் பொதுவான தரமாக வெளியிட்டபோது, எந்த எண்ணை எந்த யந்திரத்துக்கு யார் கொடுப்பது என்ற பிரச்னை எழுந்தது. கேபிள் இழுக்க வருகிறவரே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், இரண்டு யந்திரங்களுக்கு ஒரே எண் வாய்த்து இரண்டும் குழம்பி நிற்பதற்கு அதிக நாள் ஆகாது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று ஜெராக்ஸில் சேர்ந்திருந்த யோகேன் தலாலும் ராபர்ட் பிரிண்டிஸும் 1981-ல் வெளியிட்ட கட்டுரை அதற்குச் சொன்ன பரிகாரம் அந்நாளில் ஊதாரித்தனமாகவே தோன்றியிருக்கக் கூடும்: எண்ணை 48 பிட்டுகளாக நீட்டிவிடுங்கள், ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் ஒரு பகுதியை ஒதுக்குங்கள், உலகில் தயாராகும் எந்த இரண்டு யந்திரங்களுக்கும் ஒரே எண் என்றென்றைக்கும் அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 48 பிட்டுகளில் ஏறத்தாழ 281 லட்சம் கோடி எண்கள் அடங்கும். அன்று அவர்கள் காட்டிய தாராளத்தின் பலனை நாம் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

எனினும் இத்தகைய எண் இன்னார் என்பதைத்தான் சொல்லும், இன்ன இடத்தில் என்பதைச் சொல்லாது. அடுத்தடுத்த எண்களைத் தாங்கிய இரண்டு கார்டுகளில் ஒன்று சென்னைத் துறைமுகத்திலும் மற்றொன்று நார்வேயின் ஒரு பள்ளிக்கூடத்திலும் இருக்கலாம். ஆகவே ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்குச் செய்தி போக வேண்டுமானால், எந்த வலை என்பதை முதற்பகுதியிலும் அந்த வலைக்குள் எந்த யந்திரம் என்பதைப் பிற்பகுதியிலும் தாங்கிய மற்றோர் எண் அவசியமாகிறது, அதுவே ஐ.பி. விலாசம். கேபிளோ ஐ.பி. விலாசத்தை அறியாது, தொழிற்சாலை எண்ணை மட்டுமே அறியும். குமாஸ்தாவின் யந்திரம் கேட்கும் இரண்டாவது கேள்வி இங்கேதான் பிறக்கிறது: இந்த ஐ.பி. விலாசத்துக்குரிய கார்டு எது? வரிசையில் இரண்டாவதாயினும், இதனைப் புரிந்துகொண்ட பிறகு முதற் கேள்வி எளிதாகிவிடும். ஆதலால் இதை முன்னே எடுத்துக்கொள்கிறேன்.

விடையை 1982 நவம்பரில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த டேவிட் பிளம்மர் சில பக்கங்களில் எழுதி முடித்தார். ஏ.ஆர்.பி. என்ற பெயரால் வழங்கும் அந்த நெறிமுறையின் தத்துவத்தை நம் ஊர் முன்சீப் கோர்ட்டின் வராந்தாவில் நின்றவர் எவரும் அறிவர். வழக்கு எடுக்கப்படும் வேளையில் டவாலி அணிந்த சேவகர் வெளியே வந்து கட்சிக்காரரின் பெயரை உரக்கக் கூவுகிறார். மரத்தடியில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் அது விழுகிறது. உரியவர் ஒருவரே உள்ளே வருகிறார், மற்றவர் தம் பேச்சைத் தொடர்கிறார்கள். அவ்வாறே குமாஸ்தாவின் யந்திரம், ‘192.168.4.25 யாருடையது?’ என்ற கேள்வியைத் தாங்கிய 28 பைட் நீளமுள்ள ஒரு சிறு பொதியை, 48 பிட்டுகளும் ஒன்றாகவே அமைந்த பொது விலாசத்துக்கு அனுப்புகிறது, கேபிளில் உள்ள ஒவ்வொரு யந்திரமும் அதை வாங்கிப் பார்க்கிறது, அந்த விலாசத்துக்கு உரிய பிரிண்டர் மட்டும், கூவாமல், கேட்டவருக்கு மாத்திரம், ‘என்னுடையது, என் எண் இது’ என்று பதில் அனுப்புகிறது.

இதில் நான் மிகவும் ரசிப்பது ஒரு நுட்பமான சிக்கனத்தை. கேள்வி கேட்கும் யந்திரம் தன் ஐ.பி. விலாசத்தையும் தன் தொழிற்சாலை எண்ணையும் கேள்வியிலேயே சேர்த்து அனுப்புகிறது; ஆகையால் பதில் சொல்லும் பிரிண்டர், கேட்டவர் யார் என்று திரும்பக் கூவ வேண்டிய அவசியமே எழுவதில்லை. ஒருவர் ஒருவரிடம் பேச விரும்பினால் அவர் பதிலும் பேசத்தான் போகிறார் என்ற சாதாரண உண்மையைப் பிளம்மர் கண்டுகொண்டு, இரண்டு விசாரணைகளை ஒன்றாக்கிவிட்டார். மேலும் அவர் ஐ.பி.க்கு மட்டுமென்று இதைச் செய்யவில்லை; அந்நாளில் புழங்கிய வேறு வலை முறைகளின் விலாசங்களுக்கும் இடம் வைத்தே பொதியை அமைத்தார். அவற்றுள் பல மறைந்தொழிந்தன, இடம் மட்டும் பொதியில் இன்னமும் இருக்கிறது.

பெற்ற விடையை யந்திரம் ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பொதிக்கும் கூவிக்கொண்டிருந்தால் கேபிளில் கூச்சலே மிஞ்சும். ஆனால் ஞாபகம் என்பது எங்கும் உபத்திரவம் கலந்த உபகாரமே. மேசைக் கம்ப்யூட்டர்கள் இந்தக் குறிப்பைச் சில நிமிஷங்களில் மறந்துவிடுகின்றன. ஒரு வலையை மற்றொரு வலையோடு இணைக்கும் சிஸ்கோ கம்பெனியின் ரௌட்டர்களோ, யாரும் மாற்றிச் சொல்லாத வரையில், 4 மணி நேரம் வைத்திருக்கின்றன. பழுதான சர்வரின் கார்டை மாற்றிப் புதிது பொருத்திய பின்னும் சிலருக்கு அது கிடைக்கிறது, சிலருக்குக் கிடைக்கவில்லை என்ற விசித்திரமான புகார் வருவதற்குப் பல சமயங்களில் இப்பழைய ஞாபகமே காரணம். அதனால்தான் விவேகமுள்ள யந்திரம், வலையில் சேர்ந்தவுடன் தன் சொந்த விலாசத்தைப் பற்றித் தானே ஒரு முறை கூவுகிறது: எவரேனும் பதில் சொன்னால் அந்த விலாசம் ஏற்கெனவே பிறர் வசம் இருப்பது தெரியும், எவரும் சொல்லாவிட்டால், கேட்டவர்கள் தங்கள் பழைய குறிப்பைத் திருத்திக்கொள்வார்கள்.

இந்தக் கூவல் ரௌட்டரைத் தாண்டாது. பிரிண்டர் வேறொரு வலையில் இருப்பதாகக் குமாஸ்தாவின் யந்திரம் ஐ.பி. விலாசத்தின் முற்பகுதியைப் பார்த்து முடிவு செய்தால், பிரிண்டருக்காகக் கூவாமல் ரௌட்டருக்காகக் கூவி, பொதியை அதன் வசம் ஒப்படைத்துவிடுகிறது. அப்பால் நடப்பது வேறு அத்தியாயத்தின் விஷயம். யந்திரத்துக்குத் தன் ஐ.பி. விலாசம் எப்படிக் கிடைத்தது என்பதையும் இங்கே ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். 1984-ல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையினர் ஏ.ஆர்.பி.யைத் தலைகீழாக்கி, ‘இந்தக் கார்டுக்குரிய விலாசம் எது?’ என்று கேட்க வழி செய்தனர். 1985-ல் பூட்பி என்பதும், 1993-ல் ரால்ஃப் ட்ரோம்ஸ் வகுத்த டி.எச்.சி.பி. என்பதும் அதைத் தொடர்ந்தன. இன்று ஏறத்தாழ எல்லாக் காரியாலயங்களிலும் விலாசங்களைக் குறித்த காலத்துக்குக் குத்தகைக்கு விட்டு, குத்தகை முடிந்தால் திரும்பப் பெற்றுப் பிறருக்குக் கொடுப்பது டி.எச்.சி.பி. சர்வரின் வேலை.

இனிக் குமாஸ்தாவின் முதற் கேள்விக்கு வருவோம்: ‘மாடி-பிரிண்டர்’ என்ற பெயருக்குரிய விலாசம் எது? இங்கே சரித்திரம் பதிவேட்டில் தொடங்குகிறது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சேர்ந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் விலாசங்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் எலிஸபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அதைப் பராமரித்தது. புதிய கம்ப்யூட்டர் சேர்ந்தால் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நிலையம் கோப்பைத் திருத்தும். மற்ற ஸ்தாபனங்கள் அவ்வப்போது அதைப் பிரதி எடுத்துக்கொள்ளும். ஸ்தாபனங்கள் சில நூறாக இருந்த வரையில் இதனினும் எளிய ஏற்பாடு வேறில்லை. ஆனால் பிரதி எடுப்போரின் தொகை பெருகப் பெருக, கோப்பும் அதே விகிதத்தில் நீண்டுகொண்டே போயிற்று. எடுப்போர் இரட்டித்தால் வலையின் மேல் விழும் சுமை நான்கு மடங்காகும் என்பது எளிய கணக்கு.

சுமையைக் காட்டிலும் முக்கியமான காரணம் வேறொன்று இருந்தது, அதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஒரு ஸ்தாபனத்துக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் என்றிருந்த நிலை போய், மேசைக்கு ஒன்றாக யந்திரங்கள் பெருகி ஈதர்நெட்டில் கோக்கப்பட்டன; ஒரு மேசையிலிருந்த யந்திரத்தை மற்றொரு மேசைக்கு மாற்றினாலும் மென்லோ பார்க்கின் அனுமதிக்குக் காத்திருக்க எவருக்குப் பொறுமை உண்டு? மத்தியப் பதிவேட்டை உண்மையில் உடைத்தது காரியாலய வலைதான். தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தகவலியல் கழகத்தில் பணியாற்றிய பால் மொகாபெட்ரிஸ் 1983 நவம்பரில் வெளியிட்ட டி.என்.எஸ். என்னும் டொமைன் நேம் சிஸ்டம், பதிவேட்டை ஒழிக்கவில்லை. அதைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் அதற்குரிய ஸ்தாபனத்தினிடமே ஒப்படைத்தது. உச்சியில் இருப்பவர் எல்லாப் பெயர்களையும் அறிய வேண்டியதில்லை, எந்தக் கிளையை எவர் பராமரிக்கிறார் என்பதை அறிந்தால் போதும்.

ஒவ்வொரு விடையோடும், ‘இதை இத்தனை விநாடி வரை நம்பலாம்’ என்ற கெடுவையும் சேர்த்து அனுப்பும் வழக்கத்தை டி.என்.எஸ். கொண்டுவந்தது. ஏ.ஆர்.பி.யில் ஞாபகத்தின் ஆயுளைக் கேட்பவர் தீர்மானிக்கிறார். இங்கே சொல்பவர் தீர்மானிக்கிறார். சர்வரை நாளைக்கு மாற்றப் போகும் நிர்வாகி இன்றைக்கே கெடுவை ஒரு நாளிலிருந்து ஐந்து நிமிஷமாகக் குறைத்து வைத்தால், மாற்றம் நிகழ்ந்து ஐந்து நிமிஷம் கழிந்தபின் வெளியே எவரிடமும் பழைய விடை தங்கியிராது. இதைச் செய்ய மறந்துவிட்டு, மாற்றிய பிறகு கெடுவைக் குறைப்பவர்களும் உண்டு. பழைய கெடு ஏற்கெனவே பிறர் கையில் போய்ச் சேர்ந்துவிட்டபடியால் அவர்கள் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வாறு சர்வகலாசாலைகளில் பதிவேடு பண்பட்டுவந்த அதே காலத்தில், நாலைந்து கம்ப்யூட்டர்களை மட்டுமே வைத்திருந்த சிறு காரியாலயங்களில் நிலைமை வேறாக இருந்தது. பதிவேடு எழுத அங்கே ஆளில்லை. எழுதத் தெரிந்தவரும் இல்லை. ஐ.பி.எம். கம்பெனிக்காக ஸைடெக் என்ற நிறுவனம் 1983-ல் உருவாக்கிய நெட்பயாஸ் என்னும் ஏற்பாடு இவர்களை மனத்திற்கொண்டு, பெயர் விஷயத்தையும் கூவலிடமே விட்டது. யந்திரம் விழித்தவுடன், ‘கணக்கு-1 என்ற பெயரை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று அறிவிக்கிறது. 1987-ல் இது ஐ.பி. வலைகளுக்கென வகுக்கப்பட்டபோது அறிவிப்பு கால் விநாடி இடைவெளியில் மும்முறை என்று நிர்ணயிக்கப்பட்டது, டவாலியின் வழக்கமும் மும்முறைதான். அதற்குள் ஆட்சேபணை எழாவிட்டால் பெயர் அதனுடையதே. மனுவும் இல்லை, பதிவாளரும் இல்லை, கட்டணமும் இல்லை.

நெட்பயாஸ் பெயருக்கு 16 எழுத்துக்களுக்கு மேல் கிடையாது. கடைசி எழுத்தை மைக்ரோஸாஃப்ட் கம்பெனி, அந்தப் பெயருடைய யந்திரம் கோப்புகளைப் பகிர்வதா, பிறருக்குச் செய்தி காட்டுவதா என்றெல்லாம் வகை பிரிக்க எடுத்துக்கொண்டபடியால், மனிதருக்கு மிஞ்சியது 15. கிளை, குடும்பம், ஊர் எதுவும் இதில் இல்லை. எல்லாப் பெயர்களும் ஒரே மைதானத்தில் நிற்கின்றன. பெயரிருந்தால் கூவலாம், பெயரே தெரியாதவருக்கு என்ன செய்வது? விண்டோஸ் 95 வந்தபோது திரையில் தோன்றிய ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ என்ற சிறு சித்திரம் இதற்காகவே. அதைத் திறந்தால் காரியாலயத்திலுள்ள யந்திரங்களின் பட்டியல் தெரியும். அந்தப் பட்டியலைத் தொகுக்கும் உத்தியோகம் யந்திரங்களுள் ஒன்றுக்கு உரியது. அது எது என்பதைத் தீர்மானிக்க யந்திரங்கள் தமக்குள் தேர்தல் நடத்தின. விண்டோஸின் உயர்ந்த பதிப்பை உடையதற்கு முதலிடம். சமநிலையானால் அதிக நேரம் அணையாமல் இருந்ததற்கு முதலிடம். தேர்தல் அடிக்கடி நடந்தது என்பதையும், அரசு பதவியேற்ற பின்னும் பட்டியல் உடனே சரியாகிவிடவில்லை என்பதையும் அக்காலத்துக் காரியாலயங்களில் வேலை செய்தவர் நினைவில் வைத்திருப்பர்.

அதிலே ஒரு வேடிக்கை உண்டு. யந்திரம் தான் உயிரோடிருப்பதை 12 நிமிஷத்துக்கொரு முறை அறிவிக்கும்; மூன்று முறை அறிவிப்பு வராவிட்டால்தான், அதாவது 36 நிமிஷம் கழிந்த பிறகே, தலைமை யந்திரம் அதன் பெயரை நீக்கும்; உதவி யந்திரங்கள் 15 நிமிஷத்துக்கொரு முறைதான் தலைமையிடமிருந்து பட்டியலைப் பெறும். ஆக, மின்சாரம் போய் அணைந்துவிட்ட யந்திரத்தின் பெயர் 51 நிமிஷம் வரை பட்டியலில் சிரஞ்சீவியாக நிற்கக் கூடும். இருப்பதாகத் தெரிவதைத் தொட்டால் இல்லை, இல்லாததாகத் தெரிவது பெயரை எழுதிக் கூப்பிட்டால் இருக்கிறது. கூவலும் பதிவேடும் அரைகுறையாகக் கலந்த இந்த ஏற்பாட்டைப் போல் மனிதரின் பொறுமையைச் சோதித்தது வேறொன்றை நான் அறியேன்.

காரியாலயம் இரண்டாவது மாடிக்கு வளர்ந்து, இரண்டு மாடிகளுக்கும் இடையே ரௌட்டர் வந்ததும், கூவலின் எல்லை வெளிப்பட்டது. மேல்மாடி கூவியது கீழ்மாடிக்குக் கேட்கவில்லை. மைக்ரோஸாஃப்ட் 1994-ல் விண்டோஸ் என்.டி. 3.5-உடன் வெளியிட்ட வின்ஸ் சர்வர் என்பது, கூவிப் பழகியவர்களைக் கடைசியில் பதிவேட்டுக்கு அழைத்துவந்ததன்றி வேறில்லை. இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கேபிளில் ஓடும் பொதிகளைக் கவனித்துக் கவனித்தே இந்தச் சம்பிரதாயங்களை ஊகித்து, யூனிக்ஸ் யந்திரமும் விண்டோஸ் யந்திரங்களோடு உறவாடும்படி ஸாம்பா என்ற மென்பொருளைப் படைத்தார். தேர்தலில் தன் தகுதி எண் எவ்வளவு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஸாம்பா நிர்வாகிக்கே விட்டுவிட்டது. எண்ணைப் போதிய அளவு உயர்த்தி வைத்தவர் எந்தத் தேர்தலிலும் தோற்கவில்லை.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயரில் காரியாலய நிர்வாகத்தையே டி.என்.எஸ். மேல் நிறுத்தியது. யந்திரங்கள் குத்தகை பெற்ற விலாசத்தைத் தாமே பதிவேட்டில் எழுதிக்கொள்ள 1997-ல் வகுக்கப்பட்ட முறை இதற்கு உதவிற்று. எழுத ஆளில்லை என்ற பழைய தடை நீங்கியது. ஊசல் பதிவேட்டுப் பக்கமே நின்றுவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பழைய யந்திரங்களைக் கைவிட மனமில்லாத வியாபார தர்மம் கூவலையும் உள்ளேயே வைத்திருந்தது: பெயரொன்றைக் கேட்டால் யந்திரம் முதலில் தன் சொந்தக் கோப்பைப் பார்க்கும், பிறகு டி.என்.எஸ்.ஐக் கேட்கும், அங்கேயும் இல்லையென்றால் அறையில் உரக்கக் கூவும்.

அபாயம் அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. குமாஸ்தா ‘மாடி-பிரிண்டர்’ என்பதை ஓர் எழுத்துத் தவறி எழுதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் அப்படியொரு பெயர் இல்லை; இருக்கவும் நியாயமில்லை. யந்திரம் கூவுகிறது. அதே வலையில் தீய நோக்கத்தோடு ஒருவர் செருகி வைத்த சிறு கம்ப்யூட்டர், எந்தப் பெயரைக் கூவினாலும் ‘நானே’ என்று பதில் சொல்லும்படி ஏவப்பட்டிருக்கிறது. குமாஸ்தாவின் யந்திரம் அதனிடம் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அறிமுகத்தில் கடவுச்சொல்லிலிருந்து கணிக்கப்பட்ட ஒரு முத்திரையும் அடங்கும், அதைக் கொண்டு சொல்லையே கண்டுபிடிக்க முயல்வது பிறகு அவகாசத்தைப் பொறுத்தது. ஏ.ஆர்.பி.யிலும் இதே கதைதான், இன்னும் ஒரு படி மேல்: கேளாமலே பதில் அனுப்பலாம், பட்டியலில் எழுதிக்கொள்வார்கள். ரௌட்டரின் விலாசம் தன்னுடையதென்று ஒரு யந்திரம் சாதித்துவிட்டால், காரியாலயத்திலிருந்து வெளியே போகும் அத்தனை செய்தியும் அதன் வழியே போகும்.

இதற்காகப் பிளம்மரையோ நெட்பயாஸை வகுத்தவர்களையோ குறை சொல்வது நியாயமன்று. அவர்களுடைய காலத்தில் கேபிள் கட்டடத்துக்குள் இருந்தது. கட்டடத்துக்குக் கதவும் காவற்காரரும் இருந்தனர். கேபிளில் இருப்பவர் சக ஊழியர் என்பது நிச்சயம். யந்திரம் சோதிக்காததைச் சுவர் சோதித்தது. கம்பியில்லா இணைப்பும் மடிக்கணினியும் சுவரை அர்த்தமற்றதாக்கிய பிறகே அந்த நம்பிக்கை அபாயமாயிற்று. இன்றைய காரியாலய ஸ்விட்சுகள் இதற்குச் செய்யும் பரிகாரம் சுவாரஸ்யமானது: டி.எச்.சி.பி. எந்த விலாசத்தை எந்தக் கார்டுக்குக் குத்தகை விட்டது என்பதை ஸ்விட்சு கவனித்துக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முரணான ஏ.ஆர்.பி. பதிலை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. கூவுகிறவன் கூவலாம், பதில் பதிவேட்டோடு ஒத்திருந்தால்தான் உள்ளே வரும்.

ஆயினும் கூவலுக்கு ஒரு வசீகரம் இருக்கிறது. ஆப்பிள் கம்பெனியில் ஸ்டூவர்ட் செஷயர் முனைந்து நிறைவேற்றி, 2002-ல் வெளிவந்து, 2013-ல் தரமாக வகுக்கப்பட்ட எம்.டி.என்.எஸ். என்ற முறை, டி.என்.எஸ்.இன் கேள்வி வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதைப் பதிவேட்டுக்கு அனுப்பாமல் 224.0.0.251 என்ற குழு விலாசத்துக்குக் கூவுகிறது. வீட்டில் வாங்கி வைத்த பிரிண்டரைக் கைபேசி தானே கண்டுகொள்வது இதனால்தான். ‘டாட் லோக்கல்’ என்று முடியும் பெயர்களெல்லாம் கூவுவதற்கே உரியவை என்று இம்முறை ஒதுக்கிக்கொண்டது. துரதிருஷ்டவசமாக, அதற்கு முன்பே மைக்ரோஸாஃப்டின் சிறு வியாபார சர்வர் அதே ‘டாட் லோக்கல்’ என்பதைக் காரியாலயங்களின் உட்பெயராகச் சிபாரிசு செய்து, எண்ணற்ற காரியாலயங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. அங்கே ஓர் ஆப்பிள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இணைத்தவர், பதிவேட்டில் தெளிவாக எழுதியிருக்கும் சர்வரை விட்டுவிட்டு அது வெறுவெளியில் கூவிக்கொண்டு நிற்பதைக் கண்டு திகைத்தார்.

உட்பெயரை அலட்சியமாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு இன்னும் விபரீதமான இடத்திலும் வெளிப்பட்டது. ஆக்டிவ் டைரக்டரியின் ஆரம்ப காலத்தில் உதாரணமாகக் காட்டப்பட்ட ‘கார்ப்’ என்ற பெயரைப் பல காரியாலயங்கள் அப்படியே வைத்துக்கொண்டன. காரியாலயத்துக்குள் இருக்கும் வரையில் தொந்தரவில்லை. மடிக்கணினி வெளியே சென்று பிறர் வலையில் இணைந்து, அதே பெயரை அங்கே விசாரிக்கும்போது, விசாரணை ‘கார்ப் டாட் காம்’ என்ற உண்மையான பொதுப் பெயரின் சொந்தக்காரரை நோக்கிச் சென்றது. அந்தப் பெயரை வைத்திருந்தவர் அதை விற்க முன்வந்தபோது, தவறானவர் கையில் விழலாகாது என்று மைக்ரோஸாஃப்ட் 2020-ல் தானே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. உலகப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் ஸ்தாபனமோ, ‘டாட் கார்ப்’, ‘டாட் ஹோம்’, ‘டாட் மெயில்’ ஆகியவற்றை எவருக்கும் கொடுப்பதில்லை என்று 2018-லேயே முடிவு செய்துவிட்டிருந்தது. காரியாலயங்களின் சொந்த உபயோகத்துக்கென்று ‘டாட் இன்டர்னல்’ என்பதை அது முறையாக ஒதுக்கியது 2024 ஜூலையில், அதாவது மொகாபெட்ரிஸின் குறிப்பு வெளிவந்து நாற்பது வருஷம் கழிந்த பிறகு. புதிதாக வலை அமைப்போருக்கு அது பயன்படும். ‘டாட் லோக்கல்’ என்றும் ‘கார்ப்’ என்றும் முன்னமே வைத்துக்கொண்ட காரியாலயங்களில் பெரும்பாலானவை அவற்றை மாற்றப் போவதில்லை. பெயர் பதிவேட்டில் ஒரு வரிதான், ஆனால் அதற்குள் அது ஒவ்வொரு யந்திரத்தின் அமைப்பிலும், ஒவ்வொரு சான்றிதழிலும், எவரோ எழுதி எவரும் இப்போது படித்துப் பார்க்காத நூற்றுக்கணக்கான சிறு நிரல்களிலும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.